காய்கிற களி, காயாத களி

“களிமண் வேண்டாங்க, காய்ஞ்சா வெடிச்சுப் போயிடும். கிளே டப்பாவே வாங்கிக்குங்க.” பிள்ளையின் கைவேலைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களிடம் கடைக்காரர்கள் சொல்லும் இந்த ஒரு வரி நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. களிமண் காயும், காய்ந்தால் வெடிக்கவும் செய்யும். ஆனால் அதை மண்ணின் குற்றமாக முடிவு கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. மண்ணில் மாடு பிடித்து, வண்டி உருட்டி, அடுப்பும் சட்டியும் செய்து விளையாடிய தலைமுறைகளுக்கு வெடிப்பு ஒன்றும் புதிதல்ல. அது எங்கே விழும், ஏன் விழும், எப்படித் தள்ளிப்போடலாம் என்பதெல்லாம் தெருவிலேயே பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கைமாறிய அறிவு. இன்று களிமண் பொம்மைகளைப் பற்றிப் பேசும்போது ஏக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அந்த அறிவைக் காணோம். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுத நினைக்கிறேன்.

பழைய விளையாட்டுச் சாமான்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் ஒன்று தெரியும். அவற்றில் பெரும்பாலானவை காய்ந்துபோகும் பொருட்கள். நுங்கு தின்று முடித்த இரண்டு கூந்தல்களை, அதாவது வெறும் காய்களை, குச்சியால் இணைத்து, நடுவில் கவைக்கம்பைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. முதல் நாள் சக்கரம் குச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும். சில நாளில் கூந்தல் சுருங்கி, ஓட்டை பெரிதாகி, சக்கரம் தள்ளாடத் தொடங்கும். பச்சைப் பனையோலையை மடித்துக் கருவேல முள்ளில் குத்திய காற்றாடியும் அப்படித்தான்: ஓலை ஈரமாக இருக்கும்வரை இதழ் விறைப்பாக நின்று சுழலும், காய்ந்ததும் சுருண்டு நின்றுவிடும். இவற்றையெல்லாம் வைத்து விளையாடிய பிள்ளை, பொருள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் விளையாடியது. முள்ளைக் கொஞ்சம் தளர்த்திக் குத்துவது, குச்சியைக் கொஞ்சம் தடிமனாகத் தேர்வது எல்லாம் அந்தக் கணக்குதான். களிமண்ணில் இதே கணக்கு இன்னும் நுணுக்கமாக வரும்.

சுடுமண் விளையாட்டுப் பொருட்களின் வயதைச் சொல்லி யாரையும் வியக்கவைக்க வேண்டியதில்லை. சிந்துவெளி நகரங்களில் சுடுமண் மாட்டுவண்டிகளும், தலையாட்டும் காளைகளும், பறவை வடிவ ஊதல்களும் கிடைத்திருக்கின்றன. கீழடியில் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்தன. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்க்கலாம். பானை ஓட்டின் விளிம்பை உரசி வட்டமாக்கிய சில்லை எடுத்துக் கட்டம் தாண்டிய எவருக்கும் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது பழகிய பொருளாகவே தோன்றும்.

மண்ணில் இல்லாத களி

இன்று ‘கிளே’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுவது ஒரு பொருளல்ல. பன்னிரண்டு வண்ணங்களில், வரிவரியான குச்சிகளாக வருவது எண்ணெய்க் களி. சின்ன டப்பாவில் மூடியோடு வருவது மாவுக் களி. இரண்டிலும் களிமண் முதன்மைப் பொருள் அல்ல. இரண்டின் பிறப்புக் கதையையும் பார்த்தால், மண்ணின் எந்தக் குணத்தை விட்டு விலகினார்கள் என்பது புரியும்.

எண்ணெய்க் களியை உண்டாக்கியவர் வில்லியம் ஹார்பட், இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியர். சிற்பம் பழகும் மாணவர்களின் மண் வேலை பாதியில் காய்ந்துவிடாமல் இருக்க 1897-இல் ஒரு கலவையைச் செய்தார். 1900-இல் பாத்தம்டன் என்ற ஊரில் தொழிற்சாலையாகவே தொடங்கினார். அதுதான் பிளாஸ்டிசின். சுண்ணக்கல் மாவு, வாசலின், ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சேர்ந்தது அது. தண்ணீரே இல்லை என்பதால் காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. கைச்சூட்டில் இளகும், வைத்துவிட்டால் இறுகும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த யானையின் தும்பிக்கை மாலைக்குள் தொங்கிப்போவது இதனால்தான். காகிதத்தின்மேல் வைத்தால் எண்ணெய்க் கறை இறங்கும். வண்ணங்கள் கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை, எல்லாம் சேர்ந்து ஒரு பழுப்பில் போய் முடியும். வருடக்கணக்கில் கிடந்து கெட்டிப்பட்ட குச்சியை வெதுவெதுப்பான இடத்தில் அரை மணி நேரம் வைத்து, ஒரு துளி வாசலின் சேர்த்துப் பிசைந்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

மாவுக் களியின் கதை வேறு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த குடால் என்ற சோப்பு நிறுவனம், சுவர்க்காகிதத்தில் படியும் நிலக்கரிப் புகையைத் துடைத்தெடுக்க ஒரு மாவுக் கலவையை விற்றுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளில் கரி அடுப்பு குறைந்தது, கழுவக்கூடிய சுவர்க்காகிதமும் வந்தது, வியாபாரம் படுத்தது. அந்தக் கலவையைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தவர் கே ஜூஃபால் என்ற மழலைப் பள்ளி ஆசிரியை. நிறுவனத்தை நடத்திய ஜோ மெக்விக்கருக்கு உறவினர். 1956-இல் அது ப்ளே-டோ என்ற பெயரில் பொம்மையாகக் கடைக்கு வந்தது. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய் ஆகியவைதான் இதன் அடிப்படை. ஆகவே கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இது ஆகாது. டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும்.

மாவுக் களியை வீட்டிலேயே செய்யலாம். கடையில் வாங்குவதைவிட நன்றாகவும் வரும். ஒரு கப் மைதா, அரை கப் பொடியுப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடி கனமான சட்டியில் ஊற்றி, சிறு தீயில் விடாமல் கிளற வேண்டும். மூன்று, நான்கு நிமிடத்தில் ஓரம் விட்டுத் திரண்டு வரும். ஆறியபின் பிசைந்தால் பளபளப்பாக இருக்கும். வேகவைப்பதுதான் இதில் முக்கியம்: மாவுச்சத்து வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. பச்சை மாவாகப் பிசைந்தால் சப்பாத்தி மாவைப் போல இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும், உருவம் நிற்காது. அரிசி மாவில் செய்யலாமா என்று கேட்பவர்கள் கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறியவர்களாகத்தான் இருப்பார்கள். சூடாக இருக்கும்போது அழகாக வளையும்; ஆற ஆறக் கீறல் விடும். கோதுமையில் இருக்கும் பசைப்பிடிப்பு அரிசியில் இல்லாததே காரணம்.

நம் ஊரில் மாவுக் களிக்கு வரும் சிக்கல் மழைக்காலத்தில் தெரியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்க்கத் தொடங்கும். சென்னையிலும் நாகையிலும் ஐப்பசி மாதத்தில் திறந்து வைத்த களி கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அப்போது ஒரு கரண்டி மைதா தூவிப் பிசையலாம். அப்படியே காயவிட்டால் மேலே ஓடு கட்டி உள்ளே ஈரமாக நின்று, பிறகு உதிரும். எறும்புக்கும் கரப்பானுக்கும் சொல்லி அனுப்பவே வேண்டாம்.

இந்த இரண்டையும் குறை சொல்வது என் நோக்கமல்ல. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு மாவுக் களியைவிட நல்லது இல்லை. விரலில் வலு ஏறுவதற்கு முன் மண் கையை மீறும். ஒரு உருவத்தைப் பத்து முறை மாற்றிப் பார்க்க விரும்புகிறவருக்கு எண்ணெய்க் களி வேண்டும். ஆனால் இரண்டிலும் செய்த பொருளுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. மாடு செய்தால் அது மாடாக நிற்பது அடுத்த பிசைவு வரைக்கும்தான். மண்ணில் செய்த மாடு வேறு மாதிரி. ஒரு கட்டத்துக்குமேல் அதை மாற்ற முடியாது, அது பொருளாகிவிட்டது. அந்தக் கட்டம் எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்கு முன் மண்ணைப் பார்த்துவிடுவோம்.

மண் பார்த்து எடுப்பது

தோட்டத்து மண்ணைக் குழைத்து, பொம்மை வரவில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். களி என்பது மண்ணின் மிகச் சின்னத் துகள், 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. அவை தட்டையான ஏடுகள். நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் விட்டுப் பிரியாது. வளைத்தால் வளைவதும் வளைத்தபடி நிற்பதும் இதனால்தான். அதைவிடப் பெரிய துகள் வண்டல்; விரலுக்கு மாவாகத் தெரியும், ஈரத்தில் மினுங்கும், ஆனால் பிடிப்பு இல்லை. ஆற்றோரத்து வண்டலில் கட்டிய பாவை அலை வந்தால் மட்டுமல்ல, காய்ந்தாலும் உதிர்ந்துவிடும்.

எளிய சோதனை ஒன்று: மண்ணை ஈரமாக்கிப் பென்சில் தடிமனில் உருட்டி ஆள்காட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். மேல்முதுகில் கீறல் விழாமல் சுற்றினால் களி போதுமான அளவு இருக்கிறது. இன்னும் தெளிவாக வேண்டுமென்றால், கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி சேர்த்துக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் நிற்பது மணல். அடுத்த சில மணி நேரத்தில் படிவது வண்டல். அதற்குப் பிறகும் நாள் கணக்கில் நீரைக் கலங்க வைத்துக்கொண்டிருப்பது களி.

களி நிறைய இருந்தால் மட்டும் போதாது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் விரலைச் சுற்றி அருமையாக வளையும். ஆனால் அதிலுள்ள களி, ஏடுகளுக்கு உள்ளேயே தண்ணீரை வாங்கி வீங்கும் வகை. கோடையில் அந்த நிலம் பாளம் பாளமாகப் பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு, அதில் செய்த பொம்மை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாண்டம் செய்பவர்கள் ஏரிக்களியை மணலோடும் வேறு மண்ணோடும் கலந்து பயன்படுத்துவது இந்தச் சுருக்கத்தை அடக்கத்தான். அளந்து பார்க்கவும் வழி உண்டு: 12 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 1 தடிமனில் ஒரு பட்டை தட்டி, அதன்மேல் கத்தியால் சரியாக 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறுங்கள். முழுதும் காய்ந்தபின் கோட்டை அளங்கள். 9.4 இருந்தால் சுருக்கம் 6 சதவீதம், நல்ல மண். 9-க்குக் கீழே போனால் சலித்த மெல்லிய மணல் சேர்த்தாக வேண்டும். ஆறு பங்கு களிக்கு ஒரு பங்கு மணலில் தொடங்கி, மறுபடி பட்டை தட்டிப் பார்த்துக் கூட்டலாம். மணல் கூடக் கூட வெடிப்பு குறையும், வளைவும் குறையும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது கைப்பழக்கம்.

எடுத்த மண்ணை உடனே ஊறப்போடுவது பலர் செய்யும் தவறு. பாதி ஈரமான கட்டி தண்ணீரில் நாள் கணக்கில் கிடந்தாலும் நடுவில் கல்லாகவே இருக்கும். முதலில் வெயிலில் எலும்பாகக் காயவைத்து, தட்டி உடைத்து, பிறகு தண்ணீரில் போட வேண்டும். உலர்ந்த கட்டியின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் வேகமாகப் பாயும்; உள்ளே அடைபட்ட காற்று வெளியே வரும் வேகத்தில் கட்டி தானாக உடைந்து கரையும். பார்க்கவே அழகாக இருக்கும், பிள்ளைகளை அருகில் வைத்துச் செய்யுங்கள். ஒரு நாள் ஊறியபின் மாவுச் சல்லடையில் வடித்து, கல்லும் வேரும் நீக்கி, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, குழம்பைப் பழைய வேட்டித் துணியில் கொட்டிச் செங்கல் மேல் பரப்ப வேண்டும். செங்கல் உறிஞ்சியது போக, கையில் ஒட்டாத பதம் வந்ததும் எடுத்துப் பிசையலாம். அந்தப் பதத்தில் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். ஈரச்சாக்கில் சுற்றிப் பாலித்தீன் பைக்குள் இரண்டு வாரம் வைத்தால் களி இன்னும் இணங்கும். லேசாக நாற்றம் வரும், அது கெட்டுப்போன அடையாளம் அல்ல.

மண்ணைச் சலிக்கும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) துணுக்கு தென்பட்டால் கவனம் வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். சுடாத பொம்மையில் அது தொந்தரவு செய்யாது. சுட்டால் சுண்ணாம்பாக மாறி, பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி உப்பி, சில நாள் கழித்துப் பொம்மையின் வயிற்றில் ஒரு சில்லைத் தெறித்துவிடும். நன்றாகச் சுட்டும் ஏன் உடைந்தது என்று குழம்புபவர்கள் தெறித்த இடத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

நகரத்தில் ஏரியைத் தேடிப் போக முடியாதவர்கள் விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாட்களைக் குறித்துக்கொள்ளலாம். தெருமுனையில் அச்சில் அழுத்திப் பிள்ளையார் எடுத்துக் கொடுப்பவரிடம் பதமான களியாகவே ஓர் உருண்டை கேட்டு வாங்கலாம். ஒரு கிலோ இருந்தால் ஒரு வண்டியும் இரண்டு மாடும் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியைப் பிள்ளைகள் தங்கள் பொம்மைக்கும் கேட்பார்கள். ஓடு உடைந்த குன்றிமணி கடும் நஞ்சு. மிளகு வையுங்கள், அதுவே போதும். குளத்து மண்ணை எடுத்தால் சாக்கடை கலக்காத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். விளையாடி முடித்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையில் காயம் இருக்கும் நாளில் மண் வேண்டாம்.

முதல் பாதி நிழல்

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். களி காய்வது ஒரே சீரான நிகழ்வு அல்ல, அதில் இரண்டு பகுதிகள் உண்டு. இது புரிந்த நாளில் ‘வெடிச்சுப் போயிடும்’ என்ற வாக்கியம் தன் அதிகாரத்தை இழந்துவிடுகிறது.

முதல் பகுதியில் வெளியேறுவது ஏடுகளுக்கு நடுவே இருந்த நீர்ப்படலம். அது போகப் போக ஏடுகள் ஒன்றையொன்று நெருங்கும். பொம்மை முழுவதும் சிறுத்துக்கொண்டே வரும். சுருக்கம் முழுவதும் இந்தப் பகுதியில்தான் நடக்கிறது, வெடிப்பும் இங்கேதான். பிறகு ஏடுகள் ஒன்றோடொன்று தொட்டு நின்றுவிடும். அதற்குமேல் நெருங்க இடமில்லை. மிச்சமிருக்கும் தண்ணீர் இடைவெளித் துளைகளில் மட்டும்தான். அது போகும்போது பொம்மை சிறுக்காது, எடை மட்டும் குறையும், நிறம் கருமையிலிருந்து சாம்பலுக்கு வெளுக்கும். தொட்டால் தோல் செருப்பைப் போல விறைப்பாக, குளிர்ச்சியாக இருக்கும் நிலை முதல் பகுதியின் கடைசி. நகத்தால் கீறினால் கீறும், அழுத்தினால் அமுங்காது.

ஆகவே விதி எளிது. வெளுக்கத் தொடங்கும்வரை நிழல், காற்று வீசாத இடம். வெளுத்தபின் வெயிலிலேயே வைக்கலாம். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு: செய்த கையோடு மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். மேல்தோல் முதலில் சுருங்க முயலும், உள்ளே ஈரமாக இருக்கும் மண் சுருங்க விடாது. இழுபறியில் தோல் பிளக்கும். கொம்பும் வாலும் காதும் உடம்பைவிட மெலிது என்பதால் அவை முந்திக் காய்ந்து, ஒட்டிய இடத்தில் வட்டமாகக் கீறிக்கொண்டு கழன்று விழும். அதற்கு மருந்து, மெலிந்த பாகங்களை மட்டும் பாலித்தீன் துண்டால் மூடி வைப்பது. உடம்பு அவற்றை எட்டிப் பிடிக்கும்வரை அவை காத்திருக்க வேண்டும்.

கீழே வைக்கும் இடமும் முக்கியம். பலகைமேல் நேரடியாக வைத்தால் அடிப்பாகம் ஒட்டிக்கொள்ளும். மேல்பாகம் சுருங்க, அடி நகர முடியாமல் கிழியும். செய்தித்தாள் விரித்து வைத்தால் தாளும் சேர்ந்து நகரும். தினம் ஒருமுறை திருப்பிவைப்பது நல்லது. உள்ளே குச்சி வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. மாட்டின் கால் தாங்காது என்று ஈர்க்குச்சியைச் சொருகி மண்ணைச் சுற்றுவார்கள். மண் சுருங்கும், குச்சி சுருங்காது. குச்சியின் நீளம் முழுக்க ஒரு வெடிப்பு ஓடும். குச்சி வேண்டுமென்றால் விறைக்கும்வரை வைத்துவிட்டு, திருகி உருவிவிட வேண்டும்.

இந்த இடைப்பட்ட விறைப்பு நிலையில்தான் மண் தன் முழுத் திறமையையும் காட்டும். ஈரமாக இருக்கும்போது செய்ய முடியாத செதுக்கல், கோடு போடுதல், அடியைக் கரண்டியால் குடைந்து எடை குறைத்தல், மழமழவென்று தேய்த்தல் எல்லாம் இப்போது முடியும். வழுவழுப்பான கூழாங்கல்லால் அல்லது கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் ஏடுகள் மேற்பரப்பில் படுத்துப் பளபளப்பு வரும், எந்த வர்ணமும் இல்லாமலே. அரை நாள் வரை நீடிக்கும் இந்த நிலையை எண்ணெய்க் களியும் மாவுக் களியும் தர முடியாது. ஒரு பிள்ளை காலையில் செய்ததை மாலையில் திரும்ப வந்து பார்க்கிறது. பொருள் மாறியிருக்கிறது, வேறு வகையான வேலையைக் கேட்கிறது. அடுத்த நாள் எதையும் கேட்காது. காலம் என்ற ஒன்று கைவேலைக்குள் இப்படி நுழைகிறது. 1897-இலும் 1956-இலும் வந்த களிகளில் இல்லாமல் போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாடு, வண்டி, தலையாட்டி

மாட்டுக்குக் கால்களைத் தனியாக உருட்டி ஒட்டாதீர்கள். ஒரே உருண்டையை முட்டை வடிவமாக்கி, நான்கு மூலையிலிருந்தும் கிள்ளி இழுத்துக் கால்களாக்குங்கள், கழுத்தையும் அப்படியே. கொம்பும் திமிலும் மட்டும் ஒட்டுவேலை. ஒட்டும் இரண்டு இடத்தையும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணை மோர் பதத்தில் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்திச் சற்றுத் திருக வேண்டும். வெறும் தண்ணீர் தடவி ஒட்டுவது வேலைக்கு ஆகாது. அந்த இடத்தில் மண் கூடுதல் ஈரமாகி, கூடுதலாகச் சுருங்கி, காய்ந்ததும் விட்டுவிடும். தடிமன் எங்கும் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அய்யனார் கோயில் புரவிகள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்பதன் சூட்சுமமும் இதுதான்: கால்கள் உள்ளே கூடான உருளைகள், மண்ணில் மணலும் உமியும் கலந்திருக்கும்.

வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சை அளவு உருண்டையை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தட்டுங்கள். நடுவில் அச்சுத் துளை, ஆறு மில்லிமீட்டர் மூங்கில் குச்சி என்றால் எட்டு மில்லிமீட்டர் துளை. துளையும் சேர்ந்து சுருங்கும் என்பதை மறந்தால் காய்ந்தபின் குச்சி நுழையாது. அப்போது அரத்தால் பெரிதாக்கப் போய்ச் சக்கரம் பிளக்கும். சக்கரம் தட்டுப்போல வளைந்துவிடாமல் இருக்க இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமில்லாத பலகை ஒன்றைப் போடுங்கள். ஓட்டும்போது கிறீச்சிட்டால் அச்சில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் தத்துவத்தை வீட்டில் செய்து காட்டுவது எளிது. அந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இன்று காகிதக் கூழிலும் பாரிஸ் சாந்திலும் செய்கிறார்கள் என்றாலும், சாயாமல் எழுந்து நிற்பதன் அடிப்படை மாறவில்லை: அடி அரைக்கோளமாகவும் கனமாகவும், மேல் கூடாகவும் லேசாகவும் இருக்க வேண்டும். பழைய ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து, உள்ளே சாம்பல் தூவி, மண்ணை நிறைத்து அழுத்தி, விறைத்ததும் தட்டி எடுங்கள். நான்கு சென்டிமீட்டர் ஆரம் என்றால் காய்ந்தபின் 200 கிராமுக்குக் குறையாது. அதன் எடைமையம் தட்டையான முகத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இருக்கும். மேலே காகிதக் கூம்பில் உடம்பும் தலையும் செய்து ஒட்டுகிறோம். அதன் எடைமையம் முகத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே என்று வைத்துக்கொண்டால், மேல்பாகம் 60 கிராமுக்குள் இருந்தாக வேண்டும். 30 கிராமில் துள்ளி எழும். 60-ஐ நெருங்கினால் சோம்பலாக எழும். தாண்டினால் படுத்தேவிடும். பஞ்சில் தலைமுடி, பாசிமணி மாலை என்று பிள்ளைகள் அலங்காரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது எந்த மணியில் பொம்மை எழ மறுக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இவ்வளவு தடித்த அரைக்கோளம் காய இரண்டு வாரமாவது ஆகும், இதைச் சுடக்கூடாது.

காயவே வைக்காமல் விளையாடும் விளையாட்டு ஒன்றும் உண்டு. களியைக் கிண்ணமாகப் பிடித்து, அடியை மட்டும் வடைக்குத் தட்டும் இலையளவு மெலிதாக்கி, வாய் விளிம்பைச் சமமாகத் தேய்த்து, தலைகீழாகத் தரையில் ஓங்கி அடித்தால் உள்ளே சிக்கிய காற்று அடியைக் கிழித்துக்கொண்டு ‘டப்’பென்று வெடிக்கும். எதிராளி தன் மண்ணால் அந்த ஓட்டையை அடைத்துக் கொடுக்க வேண்டும். ஓட்டை பெரிதானால் கிடைக்கும் மண்ணும் அதிகம். விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் காற்று அந்த வழியே போய்விடும், சத்தமே வராது. சாய்ந்து விழுந்தாலும் அப்படியே. சிமெண்டுத் தரையில் இது நன்றாக வரும்.

சுடுவது பற்றி

சுடாத பொம்மை தண்ணீர் பட்டால் கரையும். அது வேண்டாதவர்கள் சுட வேண்டும். பக்கத்தில் பாண்டம் செய்பவர் இருந்தால் அவருடைய சூளையில் ஒரு மூலையில் இடம் கேட்பதே சிறந்த வழி. வீட்டுத் தோட்டத்தில் பெரியவர்களே செய்வதென்றால் முதலில் முழுதும் காய்ந்ததா என்று சோதியுங்கள்: பொம்மையைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் மிச்சம். 100 டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகி மண்ணை உடைத்துக்கொண்டு வெளியேறும். தீயில் வெடிக்கும் பொம்மைகளில் பெரும்பாலானவை இப்படி வெடிப்பவை. ஒரு மணி நேரம் தணலுக்கு அருகில் சூடேற்றி, பிறகு வறட்டி அடுக்கி, நடுவில் வைத்து, மேலே உமி கொட்டி மூடி, மெதுவாக எரியவிட வேண்டும். ஏறத்தாழ 600 டிகிரியைத் தொட்டால்தான் களி திரும்பக் கரையாத பொருளாக மாறும். தீ அணைந்ததும் கிளறி எடுக்காதீர்கள், மறுநாள் காலை வரை சாம்பலிலேயே கிடக்கட்டும். சூட்டோடு காற்றில் எடுத்தால் கீறும். காற்று பட்ட பக்கம் சிவப்பாகவும் படாத பக்கம் கருப்பாகவும் வரும். விரல் கணுவால் தட்டினால் ‘கிண்’ என்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள்; விரலில் சேறு ஒட்டினால் சூடுதான் போதவில்லை, இன்னொரு முறை சுடலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்குத் தை முதல் ஆனி வரை நல்ல பருவம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் முதல் பாதி காய்ச்சலே ஒரு வாரத்துக்கு இழுக்கும், மேலே பூஞ்சை படியும். அந்த மாதங்களுக்கு மண்ணை ஊறப்போட்டு, வடித்து, சாக்கில் சுற்றி வைத்துவிடுங்கள். பொங்கல் முடிந்ததும் எடுத்துப் பிசையலாம்.